பொருள், பார்வை, இணைப்பு

அரசாங்க அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்குத் தலைப்பில் உள்ள மூன்று சொற்களும் மனப்பாடம். கடிதத்தின் தலையில் ‘பொருள்’ வரும், எதைப் பற்றிய கடிதம் என்று ஒரே வரியில். அதற்குக் கீழே ‘பார்வை’ வரும், எந்த ஆணையை, எந்த முந்தைய கடிதத்தைத் தொடர்ந்து இதை எழுதுகிறோம் என்று. கையெழுத்துக்குக் கீழே ஓர் ஓரமாக ‘இணைப்பு’ வரும், கூட என்னென்ன வைத்திருக்கிறோம் என்று. தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த அமைப்பு மாறாது.

முப்பது வருடங்களுக்கு மேல் தபால் பிரித்து, பதிவேட்டில் எண் போட்டு, கோப்பில் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நகர்கிற மனுவுக்கும் நகராத மனுவுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். நடுவில் இருக்கும் கண்ணீரில் இருக்காது. கண்ணீர் பொய் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அதை வைத்து ஒரு குறிப்பு எழுத முடியாது. எழுத அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பியின் பேத்தி. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் போக முடியும், சொந்தப் பணத்தில் அனுப்ப அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை. விண்ணப்பத்தோடு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். “தாத்தா, நீங்க ஆஃபீஸ்ல எவ்வளவு லெட்டர் பாத்திருப்பீங்க, இதையும் கொஞ்சம் பாருங்க” என்று அனுப்பியிருந்தாள்.

சிறு வயதில் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்ததில் ஆரம்பித்திருந்தாள். அறிவியல் தன் மூச்சு என்றும், அந்தப் பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது என்றும் எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம் தாண்டிய பிறகு, ஒரே வரியில், துத்தநாக ஆக்ஸைடு மென்படலம் ஒன்றைத் தானே தயாரித்து அதன் மின்தடையை அளந்ததாக வந்தது. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், மாதிரிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கேயும் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ‘ஐயா, தங்கள்பால் எனக்குள்ள மேலான மதிப்புணர்வின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டுகிறேன்’ என்பது போன்ற நீளமான வாக்கியத்தோடுதான் கடிதம் முடியவேண்டும். ஒரு சொல் மாறினாலும் சிவப்பு மை விழும். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பித்தால் ‘லெத்ரு த மொத்திவாசியோன்’ என்று ஒன்று கேட்கிறார்கள். பெயர்தான் வேறு, பண்டம் ஒன்றுதான். சடங்கு வாக்கியங்கள் எல்லா மொழியிலும் உண்டு. படிக்கிறவன் அவற்றைத் தாண்டிப் போய்த்தான் விஷயத்தைத் தேடுகிறான்.

அவளிடம் நான் பேசியதைவிட, நான்கு பழைய கடிதங்களைப் பற்றிச் சொன்னதுதான் பயன்பட்டது. நான்குமே, அறிவியல் உலகத்தின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே இருந்தவர்களுக்கு எழுதியவை. வாசகர்களுக்கும் அவற்றைச் சொல்கிறேன்.

முதல் கடிதம் பாரிஸிலிருந்து போனது. சோஃபி ஜெர்மேன் 1776இல் பிறந்தவர். பாரிஸில் 1794இல் எக்கோல் பொலித்தெக்னிக் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் பாடக் குறிப்புகள் வெளியிலும் கிடைத்தன, மாணவர்கள் தங்கள் கருத்துகளைப் பேராசிரியருக்கு எழுதியும் கொடுக்கலாம். ஜெர்மேன் அந்தக் குறிப்புகளை வாங்கிப் படித்து, ‘லெ ப்ளான்’ என்ற ஓர் ஆண் மாணவரின் பெயரில் கணிதப் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு எழுதினார். யார் இந்த மாணவர் என்று லக்ராஞ்ச் நேரில் பார்க்க விரும்பினார். வந்து நின்றது ஒரு பெண். லக்ராஞ்ச் அவரை ஒதுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார்.

1804இல் அதே பெயரில் ஜெர்மேன் ஜெர்மனியில் இருந்த காஸுக்கு எழுதினார். காஸ் 1801இல் எண் கணிதம் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டிருந்தார். அதைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதில் உள்ளவற்றைத் தொடர்ந்து தாம் செய்தவற்றை எழுதி அனுப்பினார் ஜெர்மேன். காஸின் நூல் ‘பார்வை’. தம்முடைய நிரூபணங்கள் ‘இணைப்பு’. காஸ் மதித்துப் பதில் எழுதினார்.

உண்மை வெளிவந்தது போரினால். நெப்போலியனின் படை 1806இல் காஸ் இருந்த ப்ரவுன்ஷ்வைக் நகரைப் பிடித்தது. ஆர்க்கிமிடீஸுக்கு நேர்ந்தது காஸுக்கும் நேர்ந்துவிடுமோ என்று பயந்த ஜெர்மேன், தமக்குத் தெரிந்த பெர்னெத்தி என்ற தளபதியிடம் சொல்லிப் பாதுகாப்பு கேட்டார். செல்வி ஜெர்மேன் விசாரிக்கச் சொன்னார் என்றபோது காஸுக்கு அந்தப் பெயர் யாருடையது என்றே விளங்கவில்லை. பிறகு 1807இல் ஜெர்மேனே தாம்தான் லெ ப்ளான் என்று எழுதித் தெரிவித்தார். வழக்கமும் தப்பெண்ணமும் பெண்களுக்குப் போட்டிருக்கும் தடைகளைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தவர் என்று காஸ் அவரை மனம் திறந்து பாராட்டினார். 1816இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு, அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காக ஜெர்மேனுக்குக் கிடைத்தது.

பேர் பொய்யாக இருந்தாலும் கடிதம் நின்றது, காரணம் கணக்கு மெய்யாக இருந்ததுதான். ஆனால் பேரை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது கடிதம் லண்டனில் எழுதப்பட்டது. மைக்கேல் ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. 14 வயதில் புத்தகம் தைத்துக் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலில் ஆசை வந்தது. 1812இல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய கடைசி நான்கு விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார்.

ஃபாரடே முதலில் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குத்தான் எழுதினார். பதில் வரவில்லை. பிறகு டேவிக்கு எழுதினார். இம்முறை கடிதம் தனியாகப் போகவில்லை. டேவியின் விரிவுரைகளைக் கேட்டுத் தாம் எடுத்த குறிப்புகளைச் செம்மையாக எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டிய சுமார் 300 பக்கப் புத்தகம் ஒன்றும் கூடப் போனது. இதைவிட நல்ல ‘இணைப்பு’ என்ன வேண்டும்? கவனமாகக் கேட்பான், ஒழுங்காக எழுதுவான், கை வேலை தெரிந்தவன் என்று மூன்று சான்றிதழ் அந்த ஒரே புத்தகத்தில்.

டேவி அந்த டிசம்பரிலேயே அன்பாகப் பதில் எழுதினார், பிறகு நேரில் பார்த்தார். ஆனால் காலியிடம் இல்லை, புத்தகக் கட்டுத் தொழிலையே பார்த்துக்கொள் என்றார். சில வாரங்கள் கழித்து, ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். டேவிக்கு ஃபாரடே நினைவுக்கு வந்தார். 1813 மார்ச்சில் வேலை கிடைத்தது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது இந்தப் புத்தகம் கட்டும் பையன்தான். இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்களுக்கு அதுவே அடிப்படை.

மூன்றாவது ராமானுஜன் எழுதியது. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட நெருக்கமானது அதற்கு ஒரு வருடம் முன்னால், 1912 பிப்ரவரியில், சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய வேலை விண்ணப்பம். எழுத்தர் பதவிக்கான விண்ணப்பம் என்பதால் எனக்கு ஒரு பாசம்.

ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்கள் ஓடவில்லை. அந்த விண்ணப்பத்தில் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், எதிர்பாராத சில சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்று ஒரே வாக்கியம். அடுத்த வாக்கியத்திலேயே, ஆனால் என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன் என்று போய்விடுகிறார். வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று முடிக்கிறார். வறுமை, வயிற்று நோவு, வீட்டு நிலைமை என்று சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையை வைத்தார். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் அதே சிக்கனம்தான். துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர் என்று அறிமுகம். ஆண்டுச் சம்பளம் 20 பவுன் என்கிறார். மாதம் 30 என்றால் வருடத்துக்கு 360 ரூபாய், அன்றைய விகிதத்தில் பவுனுக்கு 15 ரூபாய், அப்படியானால் 24 பவுன் வருகிறது. பழைய எழுத்தனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது! வயதையும் சுமார் 23 என்று போடுகிறார், உண்மையில் 25. அந்த மேதைக்கு இந்த எண்களில் எல்லாம் அக்கறை இல்லை போலிருக்கிறது.

அக்கறை எங்கே இருந்தது என்றால் ‘பார்வை’யில். பல்கலைக்கழகப் படிப்பு எனக்கு இல்லை, பள்ளிப் படிப்போடு சரி, பிறகு கிடைத்த நேரத்தில் கணிதம் செய்து வருகிறேன் என்று சொன்ன கையோடு, ஹார்டி 1910இல் வெளியிட்ட சிறு நூலைக் குறிப்பிடுகிறார். கொடுத்த எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று தாங்கள் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் ஒன்று கண்டிருக்கிறேன் என்கிறார். பக்க எண்ணோடு! பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். கேட்டதும் தெளிவாக இருந்தது. இவற்றில் மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் வெளியிட விரும்புகிறேன், நான் ஏழை, தங்கள் ஆலோசனை வேண்டும் என்று.

வேடிக்கை என்னவென்றால், பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது பின்னால் சரியில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கதவு திறந்தது. மற்றத் தேற்றங்களைப் பார்த்த ஹார்டி, இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்படிக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதி, நிரூபணங்களைக் கேட்டார்.

இதற்கு முன்னால் போன கடிதங்களையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார், உதவி கிடைக்கவில்லை. லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு 1912இல் வேறொருவர் மூலம் அவருடைய தாள்கள் போயின. முடிவிலாத் தொடர்களில் உள்ள பள்ளங்களில் விழுந்திருக்கிறார், இந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும் என்று பதில் வந்தது.

அதேபோல, ஹார்டியின் பதில் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. அலுவலகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரே கணிதம் தெரிந்தவர். துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக நின்றார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதன்பிறகுதான் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. ராமானுஜன் 1914 மார்ச் 17இல் கப்பல் ஏறினார், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

நான்காவது கடிதம் டாக்காவிலிருந்து போனது. சத்யேந்திரநாத் போஸ் அங்கே பல்கலைக்கழகத்தில் ரீடர். முனைவர் பட்டம் கிடையாது. வயது 30. 1924 ஜூன் 4 அன்று ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். பிளாங்கின் கதிர்வீச்சு விதியில் வரும் ஒரு கெழுவைப் பழைய மின்னியக்கவியலின் துணையில்லாமல் வருவித்திருக்கிறேன், கட்டுரையை இணைத்துள்ளேன், ஜெர்மனில் மொழிபெயர்க்க எனக்கு ஜெர்மன் போதாது, தகுதியானது என்று நினைத்தால் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள் என்றார். முன்பு தங்கள் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அனுமதி கேட்டவன் நான்தான் என்றும் நினைவுபடுத்தினார். ‘பொருள்’, ‘பார்வை’, ‘இணைப்பு’ மூன்றும் ஒரு பக்கத்தில் அடக்கம்.

ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து, முக்கியமான முன்னேற்றம் என்று குறிப்பும் சேர்த்து வெளியிட்டார். போஸுக்கு ஓர் அஞ்சலட்டையும் போட்டார். வெளிநாடு செல்ல இரண்டு வருட விடுப்பு கேட்டிருந்த போஸுக்கு அந்த அட்டைதான் பரிந்துரைக் கடிதம் ஆயிற்று. பல்கலைக்கழகம் விடுப்பு கொடுத்தது.

முதலில் பாரிஸ் போனார். மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் சேர விரும்பிப் பார்க்கப் போனார். கியூரி ஆங்கிலத்திலேயே நெடுநேரம் பேசி, முதலில் பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள், அவசரமில்லை என்று அறிவுரை சொன்னார். போஸுக்கு ஏற்கனவே நன்றாக பிரெஞ்சு தெரியும். குறுக்கே பேசி அதைச் சொல்ல அவருக்குச் சங்கோஜம். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. தாளில் அவ்வளவு தைரியமாக எழுதியவர், நேரில் ஒரு வாக்கியம் சொல்லக் கூசினார். நம் பிள்ளைகளில் பலர் அப்படித்தான். அதனால்தான் தாளில் இருப்பதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன்.

நான்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எனக்கு அறிவியல் மேல் ஆசை என்பது எதிலும் பெரிய இடம் பிடிக்கவில்லை. ஆசை இருப்பது கூட வைத்த தாள்களிலேயே தெரிந்தது. நீங்கள் பெரியவர் என்ற புகழ்ச்சியைவிட, உங்கள் எழுத்தைப் படித்தேன், அதன்மேல் நான் இதைச் செய்தேன் என்பது அதிகம் பேசியது. குறையை மறைக்கவும் இல்லை, அதிலேயே உட்கார்ந்து அழவும் இல்லை.

பேத்தியின் தாளில் இதன்படி சில மாற்றங்கள் செய்தோம். நட்சத்திரம் போனது. மென்படலம் முதல் பத்திக்கு வந்தது. எத்தனை முறை படலம் வெடித்தது, சூடேற்றும் வேகத்தைக் குறைத்தபோது என்ன ஆயிற்று, எந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் நின்றது என்று அவளே எழுதினாள். அதை எழுதும்போது அவள் ஆங்கிலமும் தானாக நேராயிற்று. அந்தத் துறையில் இரண்டு பேராசிரியர்களின் கட்டுரைகளை உண்மையாகவே படித்து, தன் கேள்வி அவற்றில் எங்கே ஒட்டுகிறது என்று சேர்த்தாள். மூன்றாம் பருவத்தில் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இரண்டு தாள்களில் மதிப்பெண் குறைந்தது. அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாள். “ராமானுஜன் ஒரு வாக்கியம்தானம்மா எடுத்துக்கிட்டார்” என்றேன். ஒரு வாக்கியம் ஆக்கினாள்.

முடிவு வர மாதங்கள் ஆகும். கடிதம் நன்றாக இருந்தால் இடம் நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். ஃபாரடேக்கே முதலில் காலியிடம் இல்லை. பதில் போடாத மேசைகள் அன்றும் இருந்தன, இன்றும் உண்டு. ஒரே இடத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள் என்பதும் இந்தக் கதைகளில் இருக்கிற பாடம்தான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால், வாங்கிப் பாருங்கள். அறிவியல் புரியவில்லை என்று தயங்க வேண்டாம், எனக்கும் புரியவில்லை. என்ன கேட்கிறாய், யாருடைய எதைப் படித்துவிட்டுக் கேட்கிறாய், கையில் என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லும் பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.